வெள்ளமும் வெள்ளப்பொக்கமும்: கொச்சிக் கரையின் நீர்ச்சொற்களும் சூழலியல் ஆவணப்படங்களின் தமிழாக்கமும்

0. முன்னுரை

கொச்சித் துறைமுக வாயிலின் வடபால், போர்ட் கொச்சிக்கு எதிரே நீண்டு கிடக்கும் தீவு வைப்பின் எனப்படுகிறது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் தோன்றிய பெருவெள்ளம் முசிறித் துறையை வண்டலால் தூர்த்தது என்றும், கொச்சியின் கடல்வாயை அகலத் திறந்தது என்றும், இத்தீவு அப்போதே எழுந்தது என்றும் மரபாகக் கூறப்பட்டு வருகிறது. அவ்வாண்டை முதலாகக் கொண்ட 'புதுவைப்பு' என்னும் ஆண்டுமுறையும் அப்பகுதியில் வழங்கியுள்ளது. வைப்பு என்பது 'வை' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். நீர் கொணர்ந்து வைத்த நிலம் என்னும் பொருள் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் ஒருங்கே விளங்குவது. நிலத்தின் மாற்றத்தை அக்கரை மக்கள் முதலில் பதிவு செய்தது ஒரு சொல்லில்தான் என்பதற்கு இப்பெயர் சான்றாகும்.

இத்தகைய பதிவுகள் இன்று ஆவணப்படங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. சூழலியல் ஆவணப்படங்களின் வரலாறு பெரும்பாலும் இயக்கங்களின் வரலாறாகவோ திரைக்கலை வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. அவற்றில் யாருடைய மொழி ஒலித்தது, அம்மொழி பிறமொழியில் எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கேரளத்துப் படங்களில் விளக்கவுரையிலிருந்து மக்கள் பேச்சுக்கு நிகழ்ந்த நகர்வைச் சுருக்கமாக வரைவதும், அந்நகர்வால் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எழுந்துள்ள சிக்கல்களைக் கொச்சி–மட்டாஞ்சேரிக் கரையின் நீர்ச்சொற்களைக் கொண்டு ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். மலையாளச் சொற்கள் ஒலிப்புக்கு இயன்றவரை நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. எடுத்துக்காட்டுத் தொடர்கள் இலக்கண விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட மாதிரித் தொடர்களேயன்றிக் குறிப்பிட்ட படத்தின் உரையாடல்கள் அல்ல.

1. விளக்கவுரைக் காலம்

ஆவணப்படத்தின் தொடக்கக் காலத்தில் படத்தின் பொருளைத் தீர்மானித்தது பின்னணியில் ஒலித்த விளக்கவுரையே. அமெரிக்கச் சமவெளிகளில் மண் பாழ்பட்ட வரலாற்றைக் கூறும் பேர் லாரன்ட்சின் படம் 1936இல் வெளிவந்தது. சூழலியல் ஆவணப்படங்களின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படும் அப்படத்தில் உழவரின் நிலத்தைப் பற்றிப் பேசியவர் உழவர் அல்லர். எழுதி வைத்த உரையைப் படித்த விளக்குநரே. தமிழிலும் இம்மரபு வலுவாக இருந்தது. ஏ. கே. செட்டியார் தொகுத்துத் தமிழ் விளக்கவுரையுடன் 1940இல் வெளியிட்ட காந்தியடிகள் பற்றிய படம் அதற்குச் சிறந்த சான்று.

1948இல் நிறுவப்பெற்று 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட திரைப்படப் பிரிவு, ஒரே படத்தைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல மொழி விளக்கவுரைகளுடன் திரையரங்குகளுக்கு அனுப்பியது. அணை, உரம், பூச்சிகொல்லி, மீன்பிடிப் படகு ஆகியன பற்றிய கலைச்சொற்கள் பொதுமக்கள் செவியை எட்டுவதற்கு இப்படங்களும் ஒரு வாயிலாயின. இவற்றின் மொழிபெயர்ப்பு எழுத்துமொழியிலிருந்து எழுத்துமொழிக்கு நிகழ்ந்தது. மூலத்தில் வட்டார வழக்கு இன்மையால் பெயர்ப்பிலும் அதனால் வரும் இடர் இல்லை.

1970களின் பிற்பகுதியில் தொடங்கிய சைலன்ட் வேலி இயக்கம் கேரளத்தில் சூழலியல் சொல்லாட்சியைப் பொதுவழக்காக்கியது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் அறிவியல் வெளியீடுகளும் சுகதகுமாரி முதலிய கவிஞர்களின் பங்களிப்பும் 'பரிஸ்திதி' என்னும் சொல்லை வகுப்பறைக்கு வெளியே கொணர்ந்தன. அவ்வனம் 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி அம்மழைக்காட்டைப் பற்றிய விரிவான படத்தை எடுத்தார். காட்டின் உயிர்வாழ்வை உற்றுநோக்கிய அப்படமும் விளக்கவுரை மரபைச் சார்ந்ததே.

2. மக்கள் பேச்சின் வருகை

காணொளிக் கருவி மலிந்தபோது நிலைமை மாறியது. நெடுநேரம் பேச விட்டுப் பதிவு செய்யும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டது. பி. பாபுராஜும் சி. சரத்சந்திரனும் இணைந்து எடுத்த படங்கள் இம்மாற்றத்தின் முதன்மையான சான்றுகள். மாவூர்த் தொழிற்சாலையால் மாசுற்ற சாலியாற்றைப் பற்றிய படம் 1999இல் வெளிவந்தது. அதன்பின் பிளாச்சிமடை பற்றிய இரு படங்களை 2003இலும் 2006இலும் அவர்கள் வெளியிட்டனர்.

பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் கோக்கக்கோலா ஆலைக்கு எதிரான மக்கள் போராட்டம் 2002 ஏப்ரல் 22இல் தொடங்கியது; ஆலை 2004 மார்ச்சில் இயக்கத்தை நிறுத்தியது. சித்தூர் வட்டம் தமிழும் மலையாளமும் விரவி வழங்கும் எல்லைப் பகுதியாகும். போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களுள் இரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் அடங்குவர். எனவே இப்படங்களின் வருகையோடு எழுத்துமொழியின் எல்லைக்குள் அடங்காத பேச்சு வழக்குகள் ஆவணத்தின் நடுவிடத்தைப் பெற்றன எனலாம். 2010இல் மறைந்த சரத்சந்திரன் ஒளிவீழ்த்தியைத் தாமே சுமந்து சென்று ஊர்தோறும் படங்களைத் திரையிட்டவர். பேசியவர்களும் பார்த்தவர்களும் ஒரே தரத்தினராக இருந்த அச்சூழலில் மொழிபெயர்ப்புக்குத் தேவை எழவில்லை.

திரைவிழாக்கள் அத்தேவையை உண்டாக்கின. திருச்சூரின் விப்ஜியார் விழா 2006 முதலும், திருவனந்தபுரத்தின் ஆவணப்பட, குறும்பட விழா 2008 முதலும் நடைபெற்றன. இவ்விழாக்களுக்கெனத் திரையின் அடியில் ஆங்கில வரிகள் சேர்க்கப்பட்டன. இவை இக்கட்டுரையில் அடிவரி எனப்படுகின்றன. 2012 டிசம்பரில் தொடங்கிய முதல் கொச்சி–முசிறி ஈராண்டுக் கலைவிழா, போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதிகளின் பழைய கட்டடங்களையும் பண்டசாலைகளையும் காட்சிக்கூடங்களாக்கியது. ஒடிசாவின் நில எடுப்பையும் சுரங்கத் தொழிலையும் பற்றிய அமர் கன்வரின் படைப்பு அவ்விழாவில் இடம்பெற்றது. ஒரு கரையின் மக்கள் பேச்சு மற்றொரு கரையில் ஆங்கிலத்தின் வழியே பொருள்கொள்ளப்படும் நிலை இவ்வாறு வழக்கமாயிற்று. மலையாளப் படங்களைத் தமிழாக்குவோர் பலரும் அந்த ஆங்கில அடிவரிகளையே மூலமாகக் கொள்வது எளிதாயிற்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

3. கொச்சிக் கரையின் நீர்ச்சொற்கள்

மட்டாஞ்சேரியும் அதன் சுற்றுப்புறமும் பன்மொழி நிலம். மலையாளத்தோடு கொங்கணி, குசராத்தி, கட்சி, தமிழ் முதலியன அங்கே வழங்குகின்றன. போர்ட் கொச்சியின் வெளுப்புத்துறையில் பணிபுரியும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்பவை. இக்கரையின் இலத்தீன் கிறித்தவரிடையே வழங்கும் சவிட்டு நாடகத்தின் பழைய பனுவல்கள் தமிழ் கலந்தவை. அந்நாடகத்தை உருவாக்கியவர்களுள் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழ்ப் புலவர் குறிப்பிடப்படுகிறார். ஆகவே இக்கரைக்குத் தமிழ் அயன்மொழி அன்று. ஆயினும் இந்த நெருக்கமே மொழிபெயர்ப்பாளரை வழுவச் செய்கிறது. வடிவில் ஒத்துப் பொருளில் விலகும் சொற்களை இக்கட்டுரை போலி இணைச்சொற்கள் எனக் குறிக்கிறது.

3.1 வெள்ளம்

மலையாளத்தில் வெள்ளம் என்பது நீரைக் குறிக்கும் பொதுச்சொல். குடிநீர் 'குடிவெள்ளம்' ஆகும். உப்புநீர் 'உப்புவெள்ளம்' ஆகும். தமிழில் இச்சொல் நீர்ப்பெருக்கு, மிகுதி, பேரெண் ஆகிய பொருள்களில் நின்று, இன்று பெரும்பாலும் நீர்ப்பெருக்கையே உணர்த்துகிறது. குமரி மாவட்டத் தமிழில் நீர் என்னும் பொருள் வழங்குவது இரு மொழிகளுக்கும் இடையே ஒரு பாலமாக உள்ளது. தமிழ் வெள்ளத்திற்கு மலையாளம் தரும் ஈடு 'வெள்ளப்பொக்கம்' என்பது. பொக்கம் என்றால் உயரம்.

கொல்லம் 1099ஆம் ஆண்டில், அதாவது 1924இல், நிகழ்ந்த பேரிடர் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளப்பொக்கம்' என்றே நினைவுகூரப்படுகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் புகழ்பெற்ற சிறுகதையும் 'வெள்ளப்பொக்கத்தில்' என்னும் தலைப்புடையது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2018ஆம் ஆண்டு நிகழ்வோ 'பிரளயம்' எனப் பெயர்பெற்றது. தமிழில் பிரளயம் ஊழி முடிவைக் குறிக்கும் புராணச் சொல். மலையாளியின் வாயில் இயல்பாக வரும் 'பிரளயம்' தமிழ் அடிவரியில் அவ்வாறே நின்றால் பேசுபவர் மிகைப்படுத்துபவராகத் தோன்றுவார். 'வெள்ளம் இல்லை' என்பது வெள்ளப்பெருக்கு இல்லை எனப் பொருள்பட்டால் பிளாச்சிமடையின் குறைபாடே தலைகீழாகிவிடும்.

3.2 வேலியேற்றம்

கடல்நீர் நாள்தோறும் உயர்வதை மலையாளம் வேலியேற்றம் என்றும், தாழ்வதை வேலியிறக்கம் என்றும் வழங்குகிறது. தமிழர் செவிக்கு வேலி அரணை உணர்த்தும். இச்சொல்லை வடமொழி 'வேலா' என்பதோடு தொடர்புடையதாகக் கருதலாம். தமிழ் இலக்கியத்தில் கடலைக் குறிக்கும் 'வேலை' இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தமிழ்ப் பாடநூல்கள் ஓதம் என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்துள்ளன. ஈழத்துப் பாடநூல்களில் வற்றுப்பெருக்கு என்பது வழங்குகிறது. தமிழகத்தின் பொதுப்பேச்சில் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம் என்றே பலரும் கொள்வர்.

கொச்சிக் கரையில் இச்சொல்லுக்கு ஒரு சிறப்படையும் உண்டு. கார்த்திகைக்கு நிகரான விருச்சிக மாதத்தில் வரும் உயர்ந்த நீரேற்றம் 'விருச்சிக வேலியேற்றம்' எனப்படுகிறது. இத்தொடரில் மாதப்பெயர் வெறும் அடைமொழி அன்று. அது ஓர் அளவுகோல். நீர் வரவேண்டிய காலத்தை அது வரையறுக்கிறது. வைப்பின், கும்பளங்கி முதலிய ஊர்களில் விருச்சிகத்தோடு நில்லாது பிந்திய மாதங்களிலும் நீர் வீட்டுக்குள் வருவதாக மக்கள் கூறும்போது, அந்த அளவுகோலை வைத்தே கூறுகின்றனர். 'உயர் ஓதம்' என்று மட்டும் பெயர்த்தால் கூற்று நிற்கும், அளவுகோல் மறையும்.

3.3 ஓரு

உவர்த்தன்மையுடைய நீர் 'ஓரு' அல்லது 'ஓருவெள்ளம்' ஆகும். தமிழ் 'உவர்' என்பதோடு இனமுடையதாக இதனைக் கொள்ளலாம். உவர்நீர் உட்புகாமல் தடுக்கக் கட்டப்படும் தற்காலிக அணை 'ஓருமுட்டு' எனப்படும். உவரைத் தாங்கும் பொக்காளி நெல் விளையும் வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், அறுவடைக்குப்பின் இறாலும் மாறிமாறி வளர்க்கப்படுகின்றன. மழைநீர் உவரைக் கழுவிச் செல்லும் காலமும் கடல்நீர் திரும்பும் காலமும் இவ்வேளாண்மையின் அடிப்படை. எனவே 'ஓரு நேரத்தே வந்து' என்னும் தொடர் உப்புநீரின் வருகையை மட்டும் கூறுவதன்று. நெல்லின் காலம் குறுகியதையும் கூறுவது. மலையாளத்தில் 'நேரத்தே' என்பது முன்கூட்டியே எனப் பொருள்படும். தமிழர் இதனை 'உரிய நேரத்தில்' எனக் கொண்டால் பொருள் எதிர்மறையாகிவிடும்.

3.4 கடல் கயறுதல்

மலையாளத்தில் 'கயறு' என்னும் வினை ஏறுதலையும் உட்புகுதலையும் ஒருங்கே குறிக்கும். 'கடல் கயறி' என்பது மீனவர் வழக்கு. செய்தித்தாள் இதனைக் 'கடலாக்கிரமணம்' என்று எழுதும். தமிழில் இதற்குக் கடல் சீற்றம், கடலரிப்பு, கடல்கோள் ஆகிய சொற்கள் கைவசம் உள்ளன. இவை ஒவ்வொன்றும் ஒரு காரணத்தை உள்ளடக்கியவை. சீற்றம் என்றால் கடலே வினைமுதல். மனிதச் செயலுக்கு இடமில்லை. கடல்கோள் என்பது பழந்தமிழ் நிலம் மூழ்கிய தொன்மத்தை நினைவூட்டும். ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததைக் குறிக்கும். கடலரிப்பு கரை குறைவதைக் குறிக்குமேயன்றி வீட்டுக்குள் நீர் புகுவதைக் குறிக்காது.

இத்தேர்வு சொல்நயம் பற்றியது மட்டுமன்று. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் துறைமுக வாயிலின் மணல்திட்டு அகழப்பட்டது. 1928இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்ளே நுழைந்தது. அகழ்ந்த மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. கப்பல் வழியை ஆழமாக வைத்திருக்க அகழ்வு இன்றும் தொடர்கிறது. கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் கரை இழப்புக்கு இவ்வகழ்வும் ஒரு காரணம் என்று அவ்வூர் மக்கள் நீண்டகாலமாக வாதிட்டு வருகின்றனர். காரணம் பற்றிய வழக்கு நிலுவையில் இருக்கையில், காரணம் சுட்டாத 'கடல் கயறி' என்பதைச் சீற்றம் எனப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு வழங்குவதற்கு ஒப்பாகும். 'கடல் உள்ளே ஏறியது' என்னும் எளிய தொடரே ஈண்டுப் பொருந்தும்.

4. காலாவஸ்த: ஒரு சொல், இரு காலஅளவு

'காலாவஸ்தாவ்யதியானம்' என்பது மலையாளத்தில் நிலைபெற்ற கலைச்சொல். தமிழில் பருவநிலை மாற்றம், தட்பவெப்பநிலை மாற்றம் ஆகியவற்றோடு போட்டியிட்டுக் காலநிலை மாற்றம் என்பது ஆட்சிமொழியில் இடம்பெற்றுள்ளது. கலைச்சொல்லைப் பெயர்ப்பதில் இடர் இல்லை. அதன் முதனிலையில்தான் இடர் உள்ளது. மலையாளப் பொதுவழக்கில் 'காலாவஸ்த' என்பது இன்றைய வானிலையையும் நெடுங்காலக் காலநிலையையும் குறிக்கும். தமிழ் அறிவியல் வழக்கு இவற்றைப் பிரித்துவிட்டது. காலநிலை என்பது பொதுவாக 30 ஆண்டுச் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுவது.

'காலாவஸ்த மாறி' என்று ஒரு மீனவர் கூறினால், அன்று காலை காற்று திரும்பியதைக் கூறுகிறாரா, தம் வாழ்நாளில் கடல் மாறியதைக் கூறுகிறாரா என்பதைச் சொல் காட்டாது, சூழலே காட்டும். வானிலை என்று பெயர்த்தால் வாழ்நாள் சான்று ஒருநாள் செய்தியாகச் சுருங்கும். காலநிலை என்று பெயர்த்தால் ஒருநாள் செய்தி அறிவியல் முடிபாக வீங்கும். கொச்சியில் 1939 முதல் கடல்மட்ட அளவீடுகள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டு அளவீடுகளைக் கொண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர் உயர்வு கணிக்கப்பட்டுள்ளது. வீட்டுக்குள் நீர் புகுவதற்கு இவ்வுயர்வு மட்டும் காரணமன்று. காயலில் வண்டல் படிதலும் வாய்க்கால் தூர்தலும் தாழ்நிலம் நிரப்பப்படுதலும் உடன் நிற்கும் காரணங்கள். மக்கள் கூற்று இவற்றுள் எதனைச் சுட்டுகிறது என்பதை அறியாது எல்லாவற்றையும் காலநிலை மாற்றம் என்னும் ஒரு தொடருக்குள் அடக்குவது பொருத்தமன்று.

5. வினைமுற்றும் கேள்விச்சான்றும்

சொல்லைப் போலவே வினைவடிவமும் சான்றின் பகுதியாகும். பின்வரும் மூன்று வடிவங்கள் ஒப்புநோக்கத்தக்கன.

அ. வெள்ளம் கயறுமாயிருந்நு – நீர் ஏறுவது வழக்கமாக இருந்தது.
ஆ. வெள்ளம் கயறும் – நீர் ஏறும்.
இ. வெள்ளம் கயறுந்நு – நீர் ஏறுகிறது.

முதலாவது கடந்தகால வழக்கம், இரண்டாவது வழக்கமாகவோ எதிர்காலமாகவோ நிற்கும், மூன்றாவது நிகழ்காலம். மலையாள '–உம்' ஈறு தமிழ்ச் 'செய்யும்' என்னும் முற்றோடு ஒத்தது. 'விருச்சிகத்தில் வெள்ளம் கயறும்' என்பதைக் 'கார்த்திகையில் நீர் ஏறும்' எனப் பெயர்த்தால் பொருள் சிதையாது. ஆங்கில அடிவரி இதனை எதிர்காலமாக்கிவிட்டால், அதன்வழி வரும் தமிழில் 'கார்த்திகையில் நீர் ஏறப்போகிறது' என்னும் முன்னறிவிப்பு தோன்றும். வழக்கத்தைக் கூறியவர் அச்சத்தைக் கூறியவராகிவிடுவார்.

மலையாளத்தில் பிறர்வாய்க் கேட்டதை உணர்த்த 'அத்ரே' என்னும் இடைச்சொல் உண்டு. தமிழில் '–ஆம்' அப்பணியைச் செய்கிறது. 'வெள்ளம் வந்நத்ரே' என்பது 'நீர் வந்ததாம்' ஆகும். ஆங்கில அடிவரிகளில் இடமின்மை கருதி இவ்வேறுபாடு எளிதில் விடுபடும். கண்டதும் கேட்டதும் ஒன்றாகிவிட்டால் படம் சான்றாக நிற்கும் வலிமையை இழக்கும். தமிழிடம் இருக்கும் கருவியைத் தமிழாக்கமே பயன்படுத்தாமல் விடுவது இடைமொழியைச் சார்ந்ததன் விளைவு.

6. பெயரும் நிவாரணமும்

பெயரிடல் ஆட்சித்துறையில் நேரடி விளைவுடையது. 15ஆம் நிதிக்குழுக் காலத்திய பேரிடர் நிவாரண நெறிமுறைகள் நிதியுதவிக்குரிய இடர்களாகப் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை முதலிய 12 இனங்களைக் குறிப்பிட்டன. வெள்ளம் அப்பட்டியலில் உண்டு. கடலரிப்பும் வேலியேற்றமும் தனி இனங்களாக இல்லை. மாநிலங்கள் தம் எல்லைக்குள் வேறு இடர்களைச் சேர்க்க வழியிருப்பினும் நிதி வரம்புக்கு உட்பட்டே அது இயலும். மழையின்றி, புயலின்றி, ஒரு மாலைப்பொழுதில் காயல்நீர் அடுப்படிக்குள் வருவதை எந்தப் பெயரால் விண்ணப்பத்தில் எழுதுவது என்பது அக்கரைக் குடும்பங்களின் உண்மையான இடர்ப்பாடு. ஆவணப்படத்தின் தமிழ் வடிவம் அதனை 'வெள்ளம்' என்று எழுதினால், தனிப்பெயர் தேடும் மக்களின் வாதம் மொழிபெயர்ப்பில் கரைந்துபோகும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவது, விளக்கவுரைக் காலத்துப் படங்களுக்கு ஏற்ற மொழிபெயர்ப்பு முறை மக்கள் பேச்சை நடுவாகக் கொண்ட படங்களுக்குப் பொருந்தாது. முன்னதில் பெயர்க்கப்படுவது கருத்து; பின்னதில் பெயர்க்கப்படுவது சான்று.

இரண்டாவது, மலையாளத்திலிருந்து தமிழுக்கு நேரே பெயர்ப்பதே தக்கது. வழக்கத்தை உணர்த்தும் வினைமுற்றும், கேள்வியை உணர்த்தும் இடைச்சொல்லும், உவர், வேலை, காயல் போன்ற இனச்சொற்களும் தமிழில் உள்ளன. ஆங்கிலத்தின் வழியே வரும்போது இவை பயனற்றுப் போகின்றன.

மூன்றாவது, நேரே பெயர்ப்பவரும் போலி இணைச்சொற்களை விழிப்புடன் கையாள வேண்டும். வெள்ளம், வேலி, நேரத்தே, பிரளயம், காலாவஸ்த ஆகியவற்றுக்குச் சிறு சொற்பட்டியல் ஒன்றைப் படத்தைத் தொடங்குமுன் வகுத்துக்கொள்வது நலம்.

நான்காவது, விருச்சிக வேலியேற்றம், ஓருமுட்டு, பொக்காளி போன்ற நிலஞ்சார்ந்த பெயர்களை முதல் வருகையில் ஒரு சிறு விளக்கத்துடனும் அதன்பின் மூல வடிவிலும் தருவதே முறை. அடிவரிக்கு இரண்டு வரிகளும் சில நொடிகளுமே உண்டு. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. ஒருமுறை விளக்கப்பட்ட மூலச்சொல் மறுமுறை இடத்தைச் சேமிக்கும் என்பது நடைமுறைப் பயனாகும்.

கொச்சிக் கரை இவற்றைப் பயில்வதற்கு ஏற்ற களம். புதுவைப்பு என்னும் பெயர் இன்று வரை பொருள் விளங்க நிற்பதற்குக் காரணம், அதனை யாரும் பொதுச்சொல்லாக மாற்றி எழுதாமையே. இன்று அக்கரை மக்கள் வழங்கும் நீர்ச்சொற்களையும் அவ்வாறே காத்தளிக்கும் பொறுப்பு ஆவணப்பட இயக்குநருக்கு மட்டுமன்றி, அவர்தம் படத்தைப் பெயர்ப்பவருக்கும் உண்டு.